‘கிருமி இல்லை’ என்று நான் எழுதிய சீட்டு

போன மாதம் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களிடம் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். சளியை ஒரு குப்பியில் போட்டு உள்ளே வைத்தால், காசநோய்க் கிருமி இருக்கிறதா இல்லையா என்று இரண்டு மணி நேரத்தில் அதுவே சொல்லிவிடுமாம். அதற்கு ஒரு சின்ன விழா. விருத்தாசலத்தில் அந்தக் காலத்து லேப் ஆள் நான் ஒருவன்தான் மிச்சம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "பழைய அனுபவத்தையெல்லாம் சுவையா ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார் ஒருவர். "இனிமே தப்பே நடக்காது சார், மெஷின் பொய் சொல்லாது" என்றார் மற்றவர்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. விழாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லி, ஒரு காபி கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சுவையை எதிர்பார்க்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் கம்மாபுரத்துக்காரன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, சென்னையில் ஒரு வருஷம் லேப் படிப்பு படித்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் விருத்தாசலத்தில் ஒரு டிரஸ்டு நடத்திய தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. கட்டிடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள், நடத்தியவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. சாயம் போடக் கற்றுக் கொடுத்தார்கள், ஆளைப் பார்க்கக் கற்றுக் கொடுக்கவில்லை.

மருந்துக் கிடங்கை ஒட்டிய சின்ன அறைதான் என் லேப். கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப். அதற்கு மின்விளக்கு கிடையாது. அடியில் இருக்கும் சின்னக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல வெளிச்சம். மேகம் போட்டால் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

சளி பார்ப்பதில் நான் சோம்பேறி இல்லை, இதை யாரிடமும் சொல்வேன். எச்சிலை ஒதுக்கி, கெட்டியாக மஞ்சளாக இருக்கிற துளியைக் குச்சியால் எடுத்து, ஸ்லைடின் நடுவில் காலணா அளவுக்குத் தேய்ப்பேன். காய்ந்ததும் தீயின் மேல் மூன்று தடவை காட்டி எடுப்பேன். பிறகு சிவப்புச் சாயத்தை நிறைய ஊற்றி, கீழே ஸ்பிரிட் விளக்கைப் பிடிக்க வேண்டும். ஆவி வர வேண்டும், கொதிக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் கழித்துக் கழுவி, ஆசிட் விட்டால் எல்லாச் சிவப்பும் ஓடிவிடும். காசநோய்க் கிருமி ஏறின சிவப்பை மட்டும் விடாது, அவ்வளவு பிடிவாதம் அதற்கு. கடைசியில் நீலச் சாயம். நீலத் தரையில் சின்னச் சின்ன சிவப்புக் கோடுகளாக அவை கிடக்கும். ஒன்றும் தெரியவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் நூறு இடமாவது நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். நான் நூற்றைம்பது பார்ப்பேன்.

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். காது, மூக்கு, தொண்டை வைத்தியத்தில் அவருக்கு இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பெயர். பெண்ணாடத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். யாரிடமும் கை நீட்டிக் காசு வாங்கினவர் இல்லை. தொண்டைச் சதையை, அதாவது டான்சிலை, அவர் எடுக்கிற வேகத்தைப் பார்க்கக் கடலூரிலிருந்து சின்ன டாக்டர்கள் வந்து நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை முழுக்க டான்சில்தான். கை அப்படிப்பட்ட கை.

ஆனால் மனுஷர் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். நோயாளி எதிரில் உட்கார்ந்ததும் இடது கையை நீட்டுவார். அந்தக் கையில் சீட்டை வைக்க வேண்டும். சீட்டைப் படித்து முடித்த பிறகுதான் நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "வாயைத் திற" என்பார். நாக்கை அமுக்கி, உள்ளே ஒரு நொடி வெளிச்சம் அடித்து, எழுதிவிடுவார். "எத்தனை நாளா?" என்று கேட்பார், பதில் வருவதற்குள் அடுத்த ஆளுக்குக் கை நீட்டியிருப்பார். சத்தம் போடவே மாட்டார். நான் எழுதும் ரிப்போர்ட்டில் மை கொஞ்சம் பரவியிருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் மடித்து என் பக்கம் தள்ளுவார். புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்குக் காகிதம் சுத்தமாக இருந்தால் போதும்.

இனி பீங்கான் பட்டறைக்கு வருகிறேன். அப்போது ஊரில் பீங்கான் வேலை சூடு பிடித்த சமயம். ஜாடி, குழாய், மின்கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைக் குமிழ் என்று சின்னதும் பெரிதுமாகப் பட்டறைகள். வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக் கல்லை மாவாக இடித்துச் சலிக்கிற இடத்தில் முழுக்கப் பெண்கள். மத்தியானம் சோறு தின்ன வெளியில் வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்தத் தூசு நெஞ்சைக் கெடுத்து வைக்கும், கெட்ட நெஞ்சில் காசம் சுலபமாக வந்து உட்காரும். அதில் ஒரு பட்டறையில் ஓர் ஆள் ரத்தமாக இருமிச் செத்துப் போனான். மானேஜர் என்ன செய்தான் தெரியுமா? தூசுக்கு ஒரு துணி கட்டிக்கொள்ளக் கொடுத்தானா? இல்லை. இருமுகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஆஸ்பத்திரியில் சளியைக் காட்டி, ‘கிருமி இல்லை’ என்று சீட்டு வாங்கி வந்தால்தான் கேட்டுக்குள் விடுவேன் என்று சொல்லிவிட்டான். ‘இருக்கிறது’ என்று வந்தால் அன்றோடு கணக்கு முடிந்தது.

சளி பிடிக்க எங்களிடம் டப்பா இல்லை என்றதும், சுடும்போது கோணலாகிப்போன சின்ன ஊறுகாய் ஜாடிகளை மூடியோடு ஒரு கூடை அனுப்பி வைத்தான். தருமப் பிரபு! நான் ஒரு ஜாடியில் பெயரை ஒட்டிக் கொடுப்பேன். நாலு பேர் பார்க்கக் காறித் துப்புவதற்குப் பெண்கள் கூச்சப்பட்டார்கள், அதனால் வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் எழுந்ததும் பிடித்து, மூடிக் கொண்டுவரச் சொல்லிவிடுவோம். இதுதான் எங்கள் வழக்கம். இதில் ஒரு குறையும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

அஞ்சலை வந்தது ஒரு வியாழக்கிழமை. சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி, வாழ்க்கைப்பட்டு வந்தது விருத்தாசலத்துக்கு. அந்தப் பட்டறையில் மாவு சலிக்கிற வேலை. இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயது இருக்கும். இடுப்பில் எட்டு மாதப் பையன். புருஷன் முருகேசன் ஜங்ஷனில் மூட்டை தூக்குகிறவன். அவளுக்கு இரண்டு மாதமாகக் குரல் இல்லை. பேசினால் காற்றுதான் வந்தது. மேஸ்திரி கூப்பிட்டதற்கு இவள் பதில் சொல்லியும் அவனுக்குக் கேட்கவில்லை, திமிர் என்று நினைத்துவிட்டான். பிறகு விஷயம் தெரிந்து, சீட்டு வாங்கி வா என்று விரட்டிவிட்டான்.

"முழுங்கினா காதுக்குள்ள குத்துது சார். தண்ணிகூட எறங்க மாட்டுது" என்றாள் என்னிடம். பெரிய டாக்டரிடமும் அதைத்தான் சொன்னாள், அவர் கேட்டாரா என்று தெரியாது. வாயைத் திறக்கச் சொல்லி, டான்சில் வீங்கிப் புண்ணாகியிருக்கிறது, செவ்வாய்க்கிழமை எடுத்துவிடலாம், அதற்குள் சளியைப் பார்த்துக்கொண்டு வா என்று எழுதியிருந்தார். டான்சிலால் குரல் போகாது. இது எனக்கே தெரியும். குரல் போயிருந்தால் கீழே குரல்வளையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சின்னக் கண்ணாடியைச் சூடு காட்டி உள்ளே விட்டிருந்தால் பார்த்திருக்கலாம், அந்தக் கண்ணாடியும் அவர் மேசையிலேயே இருந்தது. சளிச் சீட்டு வந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

ஜாடியைக் கையில் கொடுத்தபோது அவள் நகராமல் நின்றாள். "இதுல எதுனா வந்துச்சின்னா வேலய வுட்டு எடுத்துடுவாங்களா சார்?" என்று கேட்டாள்.

அதெல்லாம் எனக்குத் தெரியாது, நாளைக்குக் காலையில் கொண்டுவந்து கொடு என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது பாருங்கள். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன். வந்தாலும் பயப்படாதே, இதற்கு ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, கடலூரில் சர்க்கார் சும்மா கொடுக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்றைக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, எனக்கு ஸ்லைடு பாக்கி இருந்தது.

மறுநாள் ஜாடி வந்தது. சளி கெட்டியாகத்தான் இருந்தது, கொஞ்சம் செம்மண் நிறத்தில். ரத்தமோ என்று பார்த்தேன், இல்லை, வெற்றிலைச் சாறு. மைக்ராஸ்கோப்பில் பாக்குத் துணுக்குகள் நீலத்தில் கட்டை கட்டையாகக் கிடந்தன. நூற்றைம்பது இடம் பார்த்தேன். ஒரு சிவப்புக் கோடு இல்லை. ‘கிருமி இல்லை’ என்று மை பரவாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அந்த வாரத்தில் அதே பட்டறையிலிருந்து வந்த மற்ற நாலு ஜாடியிலும் இதே வெற்றிலை, இதே பாக்கு. மருந்து கொடுக்கிற கம்பவுண்டரிடம், அந்தப் பட்டறைப் பொம்பளைகள் வேலையே செய்வதில்லை போலிருக்கிறது, நாள் பூராவும் வெற்றிலைதான் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஐந்து பெயர், ஒரே வாய்! கண்ணெதிரே கிடந்தது. நூற்றைம்பது இடம் பார்க்கிற இந்தப் புத்திசாலிக்கு அது தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. தொண்டையில் மரக்க ஊசி போட்டு, உட்கார வைத்தே எடுத்தார். எடுத்த சதைகளை ஒரு வாளியில் போட்டு, ஆயா மேரியக்கா என் ஜன்னலைத் தாண்டித்தான் பின்னால் குழிக்குக் கொண்டுபோவார். பெயர் எழுதிய துணிமேல் ஒவ்வொருவருடையதும் தனித்தனியாக இருக்கும், ரத்தம் நிற்காமல் போனால் எடுத்துப் பார்ப்பதற்காக. அன்றைக்கு அவர் ஜன்னலோரம் வாளியை வைத்துவிட்டுக் கை மாற்றினார். நான் எட்டிப் பார்த்தேன். அஞ்சலையுடையது மட்டும் வேறு மாதிரி இருந்தது. மற்றவர்களுடையவை சிவப்பாக, உருண்டையாக இருந்தன. இவளுடையதில் ஒன்று வெளுத்து, ஓரமெல்லாம் அரித்த மாதிரி இருந்தது. இடுக்கியால் எடுத்து பிளேடால் கீறினேன். உள்ளே கட்டித் தயிர் மாதிரி வந்தது. அதை ஒரு ஸ்லைடில் அழுத்தித் தேய்த்து, ஆவி வரக் காட்டி, ஆசிட் விட்டு, நீலம் போட்டுப் பார்த்தேன்.

நகர்த்தவே தேவைப்படவில்லை. முதல் இடத்திலேயே சிவப்புக் கோடுகள் கூட்டமாகக் கிடந்தன. தொண்டையிலும் டான்சிலிலும் காசம் பிடித்த ஒரு பெண்ணுக்கு, அந்தப் புண்ணிலேயே கத்தி வைத்திருக்கிறோம். அது ஆறாது, பரவும். உடனே ஊசி மருந்து ஆரம்பித்தால் பிழைப்பாள்.

எழுதி எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு, இடது கையை நீட்டி வாங்கிப் படித்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உன்னை யார் இதைப் பார்க்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்றேன்.

"சளியில இல்லைன்னு எழுதினதும் நீதான். சதையில இருக்குன்னு எழுதறதும் நீதான். ரெண்டுல எது பொய், கோவிந்தராசு?"

அவர் குரலை உயர்த்தவில்லை. எந்தக் கையெழுத்து தப்பு என்று முடிவு செய்துகொண்டு வரச் சொன்னார். சளி ரிப்போர்ட் தப்பு என்று எழுதிக் கொடுத்தால் அதை டிரஸ்டு கமிட்டிக்கு அனுப்புவாராம். தப்பு செய்கிறவனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். என் சீட்டை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அஞ்சலைக்கு எழுதியது பெனிசிலினும் வாய் கொப்பளிக்கிற மருந்தும்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். முருகேசன் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அவள் வாயை லேசாகத் திறந்து வைத்துப் படுத்திருந்தாள். பல் வெள்ளை வெளேரென்று இருந்தது. வெற்றிலை போடுவாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். "அது வாய்ல வெத்தலயே வெச்சது இல்ல சார்" என்றான் முருகேசன். அப்படியென்றால் அந்த ஜாடியில் இருந்தது யாருடைய சளி?

அதற்கடுத்த நாள் மத்தியானம் பட்டறை வாசலில் போய் நின்றேன். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு ஒரு பெண் வந்தாள், பச்சையம்மா, ஐம்பது வயது இருக்கும். முதன்முதலில் என்னிடம் சீட்டு வாங்கிப் போனவளே அவள்தான். அஞ்சலையின் ஜாடியைப் பற்றி நான் கேட்டதும் மழுப்பவில்லை.

"நான்தான் தம்பி துப்பிக் குடுத்தேன். அஞ்சு பேருக்குக் குடுத்தேன். என்னுது சுத்தமா இருக்குதுன்னு நீதான எழுதிக் குடுத்த? சீட்டு இல்லன்னா கேட்டுக்குள்ள வுட மாட்டான். அது கைப்புள்ளக்காரி, என்னா பண்ணும் சொல்லு."

அறிவில்லையா உங்களுக்கு என்று கத்தினேன். உயிர் போகிற விஷயத்தில் இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மருந்து குடுப்பீங்கன்னு தெரிஞ்சா நாங்க ஏன் தம்பி மாத்திக் குடுக்கப் போறோம்? நீங்க சீட்டுதான குடுக்குறீங்க."

படிக்காத ஜனங்கள், அறியாமை, மூடத்தனம் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அதனால்தான். அவர்களுக்கா தெரியாது? ‘கிருமி இருக்கிறது’ என்ற சீட்டு ஒரு ஏழையை என்ன செய்யும் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டுவிட்டு, பொய் சொன்னாயே என்று கத்தினால்?

ஆக, வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் எனக்கு எல்லாமே தெரிந்துவிட்டது. அந்தச் சளி அவளுடையது இல்லை. என் இரண்டு கையெழுத்தும் பொய் இல்லை. அதை ஒரு காகிதத்தில் எழுதினால் போதும். ஆனால் எழுதினால், யாருடைய சளி என்று கேட்காமல் ஐந்து பேருக்குச் சீட்டுக் கொடுத்தவன் நான் என்று கமிட்டி சொல்லும். பெரிய டாக்டர் காசநோயில் கத்தி வைத்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். தம்பிகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். என்ன காரணம் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். பயந்தேன். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினேன்.

நாலாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் பெனிசிலின் ஊசிக்கு வருவாள். சாதாரணமாக டான்சில் எடுத்த இடத்தில் வெள்ளையாக ஆடை படர்ந்து, பத்து நாளில் உதிர்ந்து ஆறிவிடும். இவளுக்குப் புண் பெரிதாகிக்கொண்டே போனது. தாழ்வாரத்து பெஞ்சில் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் வரும் நேரம் தெரிந்து, நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொள்வேன். ஸ்லைடே இல்லாமல் கூட வைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கம் கெட்டவன்.

மேரியக்காவுக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. வாளியிலிருந்து எடுத்தாயே, அதில் என்ன தெரிந்தது என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். நான் மழுப்பினேன். பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஊசி போடும்போது அஞ்சலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நேராக என் அறைக்கு வந்தார். அன்றைக்கு அவர் பேசினது இவ்வளவுதான்:

"அந்தப் பொண்ணு தண்ணிய வாய்ல வெச்சிக்கினு அழுவுது. முழுங்க முடியல, துப்பவும் மனசு வரல. ஒனக்கு எதுனா தெரியும்னா அது சாவறதுக்குள்ள சொல்லு. செத்தப்புறம் யாருக்குப்பா சொல்லப் போற?"

உட்கார்ந்து எழுதினேன். முதல் ரிப்போர்ட்டுக்கு வந்த சளி இந்தப் பெண்ணுடையது அல்ல, சரிபார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு. டான்சிலில் காசநோய்க் கிருமிகள் ஏராளம். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதி, அந்த ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு, பெரிய டாக்டரிடம் சொல்லாமல், மறுநாள் விடிந்ததும் முருகேசனையும் அஞ்சலையையும் கடலூர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஓர் இளைஞர். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் அஞ்சலையைப் பார்த்தார். உட்காரம்மா என்று சொல்லிவிட்டு, சின்னக் கண்ணாடியைச் சூடு காட்டிக் குரல்வளையைப் பார்த்தார். அங்கேயும் புண். அன்றைக்கே ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார். அவளை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் கஞ்சி குடித்தாள் என்று முருகேசன் வந்து சொன்னான்.

பெரிய டாக்டர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. கமிட்டியிலிருந்து எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. அட, இதற்கா பயந்தோம் என்று எனக்கு அழுகை வந்தது. அவர் ரிடையர் ஆகிற வரைக்கும் செவ்வாய்க்கிழமைதோறும் டான்சில் எடுத்தார். வழியனுப்பு விழாவில் அவர் கையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நான் எழுந்து வெளியில் போய்விட்டேன்.

என்னளவில் இரண்டு காரியம் செய்தேன். சளியை என் எதிரில்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, லேபுக்குப் பின்னால் ஒரு கீற்றுத் தடுப்பு போட்டு, மேரியக்காவைப் பெண்களுக்குத் துணையாக நிற்க வைத்தேன். ரிப்போர்ட்டை நோயாளி கையில் தவிர வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் சொல்லிவிட்டேன். பட்டறை மானேஜர் வந்து குதித்தான். ஊறுகாய் ஜாடி இருந்த கூடையை அப்படியே தூக்கி அவன் காலடியில் வைத்தேன். பச்சையம்மாவிடம் சளி வாங்கிய மற்ற நாலு பேரையும் வரவழைத்துத் திரும்பப் பார்த்தேன். ஒருத்திக்கு இருந்தது. நானே கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மெஷின் பொய் சொல்லாது என்று சொன்னாரே அந்தத் தம்பி, அவருக்குச் சொல்கிறேன். என் மைக்ராஸ்கோப்பும் பொய் சொல்லவில்லை. குப்பியை நீட்டுகிறவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். மெஷின் கேட்காது.

ஒரு வருஷம் கழித்து அஞ்சலை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கன்னம் பூசினாற்போல இருந்தது. குரல் மட்டும் திரும்பவில்லை, காற்றாகவே பேசினாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "நீங்க இல்லன்னா நான் இல்ல சார்" என்று குனிந்து காலைத் தொடப் போனாள். நான் நகர்ந்துகொண்டு, பையன் எங்கே என்று கேட்டேன்.

பையன் இல்லை. அவள் கடலூரில் இருந்தபோதே கழுத்தில் கட்டி கட்டியாக வந்திருக்கிறது. மாமியார் பத்துப் போட்டிருக்கிறாள். பிறகு காய்ச்சல், வாந்தி, வலிப்பு. காசம் மூளைக்குப் போய்விட்டது என்று பாண்டிச்சேரியில் சொன்னார்களாம். ஆறு நாள் இருந்தான்.

அவள் காலைத் தொட வந்தது என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஆபரேஷன் அன்றைக்கே எனக்குத் தெரியும், பன்னிரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன், வேலைக்குப் பயந்துகொண்டு இருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பன்னிரண்டு நாளில்தான் பிள்ளைக்கு ஒட்டியது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, அதற்கு முன்னாலேயே ஒட்டியிருக்கலாம். இதை எனக்கு நானே ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவள் என்னைக் குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல் சொன்னாள்:

"அப்பதான் சார் அவனுக்கு சோறு குடுக்க ஆரம்பிச்சேன். எனக்கு முழுங்கதான் முடியல, மெல்ல முடிஞ்சிது. தெனம் நான்தான் நல்லா மென்னு மென்னு அவன் வாய்ல ஊட்டினேன். கிருமி இல்லன்னுதான சார் சீட்டுல இருந்துச்சு."

அந்தச் சீட்டு அவளுடையது இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? ஜாடியை மாற்றிக் கொடுத்தவளே அவள்தானே? தெரியும். ஆனாலும் நான் கையெழுத்துப் போட்டு, டாக்டர் அதை வாங்கிப் படித்து, ஆபரேஷனும் முடித்த பிறகு, தனக்கு ஒன்றும் இல்லை என்று அவளும் நம்பிவிட்டாள். படித்த மனுஷர்கள் இரண்டு பேர் பார்த்த காகிதம் அல்லவா அது. பழத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, போயிட்டு வரேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.